தொழில் ஒன்று, வம்சம் வேறு

சிலந்தியைக் கொட்டி மரக்கச் செய்து, உயிர் போகாமல் அறைக்குள் இட்டு, அதன்மேல் முட்டையிட்டு, பிறக்கப்போகும் புழுவுக்கு அழுகாத ஆகாரமாக அதை வைத்துவிட்டுப் போகும் குளவிகளெல்லாம் ஒரே குலத்தைச் சேர்ந்தவையென்று எண்ணுவது நியாயமாகவே தோன்றினாலும், பூச்சி சாஸ்திரம் அதை ஒப்புவதில்லை.

சுமார் 5,000 இனங்களைக் கொண்ட பாம்பிலிடே குடும்பத்துக் குளவிகள் புழு ஒன்றுக்குப் பெரிய சிலந்தி ஒன்றையே சேமிப்பவை. அவற்றுள் பல, சிலந்தியைப் பிடித்த பிறகே வளை தோண்ட ஆரம்பிக்கின்றன. நம் வீட்டுச் சுவர்களில் மண்கூடு கட்டும் ஸ்கெலிஃப்ரான் குளவியோ, முதலில் அறையைக் கட்டி, பின்பு சிறு சிலந்திகள் பலவற்றை அதில் அடைக்கிறது. ஸ்பெசிடே குடும்பத்தைச் சேர்ந்த இது, பாம்பிலிடேயைவிடத் தேனீக்கே நெருங்கிய உறவு. இதன் இனமொன்றுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஃபெப்ரீஷியஸ் என்ற டேனிஷ் விஞ்ஞானி நம் சென்னைப் பட்டணத்தை நினைவூட்டும் 'மதராஸ்பட்டானம்' என்ற பெயரைச் சூட்டியிருக்கிறார்.

இந்தக் குல பேதத்தை எதைக் கொண்டு நிர்ணயிப்பது? மணலில் தோண்டும் குளவிகளின் முன்கால்களில் சீப்புப் போன்ற முள்வரிசை இரு வம்சங்களிலும் காணப்படுகிறது. தொழிலின் அவசியத்தால் தனித்தனியே தோன்றிய அத்தகைய அங்கம் உறவுக்குச் சாட்சியாகாது. ஆனால் முன்மார்பின் மேல்தகடு, பாம்பிலிடேயில் இறகின் அடிவரை நீண்டு செல்ல, ஸ்கெலிஃப்ரானில் அதற்குச் சற்று முன்பே உருண்டு முடிந்துவிடுகிறது. வேட்டைக்கு நேரடிச் சம்பந்தமில்லாத இத்தகைய அற்ப லக்ஷணமே பரம்பரையை உண்மையாகச் சொல்லுகிறது.

இதைவிட விசித்திரம், பாம்பிலிடேயிலேயே ஆப்லோபஸ் என்ற பிரிவு மண்கூடு கட்டத் தலைப்பட்டது. அதன் சிற்றறையை உடைத்துப் பார்த்தால், கால்கள் துண்டிக்கப்பட்ட ஒரே சிலந்தி, வெறும் உடலாய், முட்டையைச் சுமந்து கிடக்கும். கால்களை நீக்குவதால் சுமப்பதும் அடைப்பதும் சுலபமாகின்றன. ஸ்கெலிஃப்ரானின் அறையிலோ காலோடு கூடிய சிறு சிலந்திகள் நெருக்கியடித்துக் கிடக்கும். மண்ணைக் குழைத்துக் கட்டும் வித்தை இரண்டுக்கும் பொதுவாயினும், சிலந்தி ஒன்றா, பலவா என்பதில் அந்தந்தக் குலத்தின் பழக்கம் மாறவில்லை.

எங்கும் கிடைப்பதும், மெல்லுடலில் மாமிசம் நிறைந்ததுமான சிலந்தி, இப்படிப் பல வம்சங்களைத் தன் வேட்டைக்கு இழுத்திருக்கிறது. ஆகவே, ஒற்றுமையைக் கண்டவுடன் உறவு கொண்டாடாமல், அது மூதாதையர் தந்ததா, வாழ்க்கை நிர்ப்பந்தித்ததா என்று வினவுவதே வகைப்பாட்டின் முதற்கடமை. அந்தக் கடமையைச் செய்தவர்க்கே, வெவ்வேறு வழிகளில் ஒரே தீர்வை எட்டும் பரிணாமத்தின் மகிமை முழுமையாக விளங்கும்.