இளையவரும் வழிகாட்டலாம்

முருகப் பெருமான் தம் தந்தைக்கே பிரணவத்தின் பொருளை உபதேசித்த கதை நம் வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். மகன் குருவாக இருந்து சொல்ல, தந்தை சீடராக இருந்து கேட்டார். சுவாமிமலை முருகனுக்குத் 'தகப்பன்சாமி' என்ற பெயர் வந்தது அதனால்தான். இந்தக் கதையை நாம் மகிழ்ச்சியோடு சொல்கிறோம். ஆனால், நாம் வேலை செய்யும் இடத்தில் ஓர் இளைஞர் வந்து, "ஐயா, இதை வேறு விதமாகச் செய்து பார்க்கலாமே" என்று சொன்னால் நம் முகம் சுருங்கிவிடுகிறது. "நேற்று வந்தவர் நமக்குப் புத்தி சொல்வதா?" என்று முணுமுணுக்கிறோம். கதையில் இனிக்கும் ஒன்று வாழ்க்கையில் கசப்பது ஏன்? இதைப் பற்றித்தான் இன்றைய உரையில் சற்று ஆராயப் போகிறோம்.

வழிகாட்டல் என்றால் மூத்தவர் இளையவருக்குக் கற்பிப்பது என்பதே வழக்கம். இதைத் திருப்பி, இளையவர் ஒருவர் மூத்தவருக்கு வழிகாட்டும்படி ஏற்பாடு செய்வதைத் தலைகீழ் வழிகாட்டல் என்று கூறலாம். ஆங்கிலத்தில் 'ரிவர்ஸ் மெண்டரிங்' என்பார்கள்.

இம்முறை பலருக்கும் தெரியவந்தது 1999ஆம் ஆண்டில். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு அப்போது தலைவராக இருந்தவர் ஜாக் வெல்ச். இணையம் பரவிக்கொண்டிருந்த காலம் அது. நிறுவனத்தின் இளம் ஊழியர்களுக்கு அது பழகிவிட்டது, மேலதிகாரிகளுக்கோ புரியவில்லை. எனவே, தம் மேல்நிலை அதிகாரிகள் சுமார் 500 பேரையும் ஆளுக்கோர் இளம் ஊழியரைத் தேடிப் பிடித்து இணையத்தைக் கற்றுக்கொள்ளும்படி அவர் பணித்தார். அறுபது வயதைக் கடந்துவிட்ட அவரும் ஓர் இளையவரிடம் பாடம் கேட்டார்.

கணினியைக் கற்பதற்கு மட்டும் உதவும் முறையா இது? இல்லை. பிராக்டர் அண்ட் கேம்பிள் என்ற மற்றொரு அமெரிக்க நிறுவனம் 1990களில் இதைப் போன்ற ஓர் ஏற்பாட்டை வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்தியது. அங்கே திறமைமிக்க பெண் அதிகாரிகள் பலர் வேலையை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். மேலிடத்து ஆண்களுக்கோ காரணம் விளங்கவில்லை. ஆகவே, இடைநிலையில் இருந்த பெண்களையே அந்த மூத்த ஆண்களுக்கு வழிகாட்டிகளாக அமர்த்தினார்கள். பெண்கள் அன்றாடம் சந்திக்கும் தடைகள் எவை என்பதை மேலிடத்தார் நேரில் கேட்டறிய அது வழிசெய்தது. பல இனத்தவரும், ஆண் பெண் இரு பாலரும், உடற்குறை உள்ளவரும் ஒரே இடத்தில் மதிப்போடு வேலை செய்யும் நிலையை உருவாக்குவதற்கு இம்முறையைப் பல நாடுகளில் இன்று கையாள்கிறார்கள்.

நேயர்களே, இப்படி ஓர் ஏற்பாடு ஏன் தேவைப்படுகிறது? நம் தோட்ட வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் மேலே துரை, அவருக்குக் கீழே கிராணியார், அதற்கும் கீழே கங்காணி, கடைசியில் பால்மரம் வெட்டும் தொழிலாளி. கட்டளை மேலிருந்து கீழே தடையில்லாமல் இறங்கும். கீழிருந்து மேலே செய்தி போவதுதான் கடினம். எந்த நிரையில் மரங்கள் வறண்டுவிட்டன, எந்தச் சரிவில் மழைக்காலத்தில் கால் வழுக்கும் என்பதெல்லாம் விடியற்காலையில் மரத்தடியில் நிற்பவருக்குத்தான் தெரியும். அவர் கங்காணியிடம் சொல்வார். கங்காணி பாதியைச் சொல்வார். கிராணியார் துரையின் முகம் பார்த்துக் கால்பங்கைச் சொல்வார். பல தோட்டங்களில் இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. துரைமார் காலமும் போய்விட்டது. ஆனால், இந்தப் பழக்கம் அலுவலகங்களிலும் ஆலைகளிலும், ஏன், பள்ளிக்கூடங்களிலும் இன்னும் போகவில்லை. ஒருவர் எவ்வளவு உயரத்தில் அமர்கிறாரோ, அவ்வளவுக்கு அவர் காதில் விழும் உண்மை குறைந்துவிடுகிறது.

இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நமக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறோம்.

நாம் பணியாற்றிய ஒரு தோட்டப் பள்ளிக்கு இளம் ஆசிரியை ஒருவர் வந்து சேர்ந்தார். வகுப்பில் நன்றாகப் பாடம் நடத்துவார். ஆசிரியர் கூட்டத்தில் மட்டும் வாயே திறக்கமாட்டார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். "தலைக்கனம்" என்றார் ஒருவர். நாமும் அதை நம்பினோம். பாடக்குழுவுக்குப் பொறுப்பாக இருந்த நாம், ஓராண்டுக்கு மேலாகியும் அவருக்கு முக்கியமான வேலை ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை.

2020 மார்ச் 18ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. இயங்கலையில் பாடம் நடத்த வேண்டிய நிலை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கரும்பலகையில் எழுதுவது எப்படி என்று பழகிய நமக்குக் கணினித் திரையில் எழுதுவது எப்படி என்று தெரியவில்லை. 'கூகல் மீட்'டில் பிள்ளைகள் காத்திருக்க, நாம் பொத்தான்களைத் தேடிக்கொண்டிருந்தோம். உதவிக்கு வந்தவர் அந்த ஆசிரியைதான். மாலைதோறும் அரைமணி நேரம் காணொளி வழியாக நமக்குக் கற்பித்தார்.

மூன்றாம் நாள் என்று நினைவு. நாம் விசைப்பலகையைக் குனிந்து பார்த்துக்கொண்டே ஏதோ கேட்டோம். அவர், "சார், கொஞ்சம் நிமிர்ந்து பேசுங்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே காது சரியாகக் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறேன்" என்றார்.

"ஏன் இதை முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டோம். "சொன்னால், வகுப்பு நடத்தத் தகுதி இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம், சார். மாற்றல் கேட்டுக் கடிதம்கூட எழுதி வைத்திருக்கிறேன்" என்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அவர் பேசாதது தலைக்கனத்தால் அன்று. நாம்தான் அவருக்கு முதுகைக் காட்டிப் பேசியிருக்கிறோம்.

2020 ஜூலையில் பள்ளி திறந்தபோது எல்லாருடைய வாயையும் முகக்கவசம் மறைத்தது. அவருக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டது. அவர் சம்மதத்தோடு தலைமையாசிரியரிடம் பேசினோம். கூட்டத்தின் குறிப்புகளை முதல் நாளே புலனக் குழுவில் எழுத்தாக அனுப்பினோம். நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டோம். ஒரு நேரத்தில் ஒருவரே பேசுவது என்று முடிவு செய்தோம். அவரோடு பேசும்போது வாய் தெரியும்படி ஒளிபுகும் கவசம் அணிந்தோம். பெருஞ்செலவு ஒன்றுமில்லை. மாற்றல் கடிதத்தை அவர் கொடுக்கவே இல்லை. இன்னொன்றும் நடந்தது. இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனைக் 'கவனமில்லாதவன்' என்று நாம் பலமுறை கடிந்திருக்கிறோம். அவனைச் சில நாள் உற்றுப் பார்த்த அந்த ஆசிரியை, "இவனுக்குக் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள், சார்" என்றார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. இத்தனை ஆண்டு அனுபவத்தில் நம் கண்ணுக்குப் படாதது அவர் கண்ணுக்குப் பட்டது.

இப்படித் தற்செயலாக நடந்ததைத் திட்டமிட்டுச் செய்ய முடியுமா? முடியும். அதற்குச் சில நெறிகள் உண்டு.

முதலாவது, வழிகாட்டும் இளையவர் அந்த மூத்தவரின் நேரடி மேற்பார்வையில் இருப்பவராக இருக்கக் கூடாது. சம்பள உயர்வுக்குக் கையொப்பமிடுபவரிடம் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். இரண்டாவது, பேசியது இருவருக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது, மாதம் ஒரு மணி நேரமாவது அதற்கென்று ஒதுக்க வேண்டும். அதையும் வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும். நான்காவது, மூத்தவர் குறைவாகப் பேசி நிறையக் கேட்க வேண்டும். ஐந்தாவது, கேட்டவற்றுள் ஒன்றையாவது செயலில் காட்ட வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால், கேட்காமல் இருந்ததைவிட மனக்கசப்பு மிகும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் உண்டு. ஒரு மலாய்க்காரரையோ சீனரையோ தமிழரையோ அழைத்து, "உங்கள் இனத்தார் என்ன நினைக்கிறார்கள்?" என்று கேட்பது தவறு. அவர் தம் அனுபவத்தைச் சொல்லலாம். ஓர் இனம் முழுவதற்கும் பதில் சொல்ல அவரால் இயலாது. தம் குறையையோ துன்பத்தையோ சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தவும் கூடாது. ஒழுங்காகச் சம்பளம் கொடுப்பது, பாகுபாடு இல்லாமல் பதவி உயர்வு கொடுப்பது ஆகிய கடமைகளுக்கு இம்முறை மாற்றாகவும் ஆகாது.

நம் நாட்டில் உடற்குறையுடையோர் சட்டம் 2008ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், பேறுகால விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. வேலையிடப் பாகுபாடு பற்றிய புகார்களை விசாரிக்கவும் வழிசெய்தது. சட்டம் கதவைத் திறந்துவிடும். உள்ளே வந்தவரைப் பார்த்து, "வாருங்கள், உட்காருங்கள், உங்கள் கருத்து என்ன?" என்று கேட்பது உள்ளே இருப்பவர் செய்ய வேண்டிய வேலை.

இது நமக்குப் புதிய கருத்தும் அன்று. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னன் புறநானூற்றின் 183ஆம் பாடலில் கல்வியின் பெருமையைச் சொல்கிறான். ஒரு குடும்பத்திலேகூட, மூத்தவன் என்பதற்காக ஒருவனை அழைக்காமல், அறிவுடையவன் காட்டும் வழியிலேயே அரசும் செல்லும் என்பது அவன் கருத்து. அரியணையில் இருந்தவனே அப்படிச் சொல்லியிருக்கிறான்.

நேயர்களே, நாளை வேலைக்குப் போகும்போது, உங்கள் இடத்தில் யார் அதிகம் பேசாமல் இருக்கிறார் என்று பாருங்கள். அவருக்குத் தலைக்கனம் என்று முடிவு கட்டுவதற்கு முன், அவர் எதிரே அமர்ந்து, முகம் பார்த்து, ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு, பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள்.