ஸ்டியரிங் கனத்தால் கலங்காதீர்கள்!

இப்போதெல்லாம் எங்கள் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில்கூட பழைய கார் வாங்குவது சகஜமாகி விட்டது. புது வண்டி வாங்க வசதி இல்லாதவர்கள், பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய சான்ட்ரோ, ஆல்ட்டோ, இண்டிகா என்று ஏதாவது ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்துகிறார்கள். வீட்டு ஆண்கள் வெளியூர் வேலைக்குப் போய்விட, பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் நம் பொறுப்பாகிறது. நாமும் லைசென்ஸ் எடுத்து ஓட்டப் பழகி விட்டோம். ஆனால், கிளட்ச் மிதிக்கவும் ரிவர்ஸ் எடுக்கவும் சொல்லித் தருகிறவர்கள், ஓடுகிற வண்டியில் பவர் ஸ்டியரிங் நின்று போனால் என்ன செய்வது என்று சொல்லித் தருவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றை மனதில் பதிய வைத்துக் கொள்ளுங்கள், தோழியரே. பவர் ஸ்டியரிங் போய்விட்டது என்றால் ஸ்டியரிங்கே போய்விட்டது என்று அர்த்தமில்லை. நம் கைக்கு உதவி செய்து கொண்டிருந்த சக்தி நின்று விட்டது, அவ்வளவுதான். ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கிறது. கனமாக இருக்கும், ஆனால் பலமாகப் பிடித்துத் திருப்பினால் கட்டாயம் திரும்பும்.

அந்தக் காலத்து அம்பாசிடர் காரை நினைத்துப் பாருங்கள். எத்தனையோ வருஷம் பவர் ஸ்டியரிங் இல்லாமலேதானே ஓடியது! அதன் ஸ்டியரிங் பெரிய முறம் போல இருக்கும். பெரிய வட்டமாக இருந்தால் கைக்கு பலம் குறைவாகப் போதும் என்பதால் அப்படிச் செய்தார்கள். 1951ல் அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம்தான் விற்பனைக்கு வந்த காரில் முதன்முதலாக பவர் ஸ்டியரிங் வைத்தது. நம் ஊரில் 1990களின் கடைசியில் வந்த கார்களில்தான் அது பரவலாயிற்று. உதவி இருக்கிறதே என்று ஸ்டியரிங்கைச் சின்னதாகவும், கொஞ்சம் சுற்றினாலே சக்கரம் நிறையத் திரும்பும்படியும் அமைத்தார்கள். அதனால்தான் அந்த உதவி திடீரென்று நின்றால், பழைய அம்பாசிடரை விடவும் கனமாகத் தெரிகிறது.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆயில் வகை. இன்ஜின் சுற்றும்போது ஒரு பெல்ட் வழியாக பம்ப் சுற்றும். பம்ப் ஆயிலை அழுத்தத்தோடு தள்ளும். அந்த அழுத்தம்தான் சக்கரத்தைத் திருப்ப உதவுகிறது. பழைய இண்டிகா, சான்ட்ரோ எல்லாம் இந்த வகை. இன்னொன்று கரண்ட் வகை. ஆல்ட்டோ, வேகன் ஆர் போன்றவற்றில் ஆயிலும் கிடையாது, பம்பும் கிடையாது. பேட்டரி கரண்டில் ஓடும் சின்ன மோட்டார்தான் உதவி செய்கிறது. உங்கள் வீட்டு வண்டி எந்த வகை என்று மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

எங்களிடம் இருப்பது ஆயில் வகை. வாங்கியதே ஆறாவது கை. என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் சரியாக நடக்க வராது. பஸ் படி ஏற முடியாது. விழுப்புரத்துக்கு டாக்டரிடம் நான்தான் காரில் அழைத்துப் போவேன். அப்படி ஒரு நாள், ஊரிலிருந்து செஞ்சி ரோட்டில் ஏறித் திரும்பும்போது பானெட்டுக்குள் 'ங்ஙொய்' என்று ஒரு முனகல். அடுத்த நிமிஷம் ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிட்டது. எதிரே பஸ் வருகிறது.

என் அப்பா பழைய டிராக்டர் ஓட்டியவர். "ஸ்டியரிங் கனத்தா கையை விடாத, வேகத்தை விடு" என்று அடிக்கடி சொல்வார். அதன்படி இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வண்டி கனத்துக் கொண்டே திரும்பியது. நாலு பக்க இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு மெல்ல மண் ஓரத்தில் நிறுத்தினேன். "என்னாச்சு தாயி, வண்டி இப்படி உறுமுது?" என்றார் மாமியார். "ஒண்ணுமில்ல அத்தை, ஆயில் போயிருக்கும்" என்றேன். பானெட்டைத் திறந்தால், ஆயில் டப்பா காலி. கீழே சிவப்பாகச் சொட்டிக் கொண்டிருந்தது. ஒரு ஆட்டோவை நிறுத்தி, துணைக்கு ஆளோடு அத்தையை டாக்டரிடம் அனுப்பிவிட்டு மெக்கானிக்கை வரச் சொன்னேன்.

இந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஸ்டியரிங் கனத்தால் திடீரென்று பிரேக்கை அழுத்தாதீர்கள். பின்னால் லாரி வரலாம். வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு, ஓரங்கட்டுங்கள். வண்டி நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பப் பார்ப்பது ரொம்பக் கஷ்டம். மெல்ல உருளும்போது திருப்புவது சுலபம்.

வண்டி முழுதாக நிற்கிற வரைக்கும் சாவியை எடுக்கவே கூடாது. சாவியை எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக் கொள்ளும். அப்போதுதான் உண்மையாகவே திருப்ப முடியாமல் போகும். சிலர் பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைத்து விட்டு உருட்டுவார்கள். அதுவும் ஆபத்து. இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் மட்டுமல்ல, இரண்டு மூன்று தரம் மிதித்த பிறகு பிரேக்கும் கட்டையாகிவிடும். வழியில் இன்ஜின் தானாக நின்று போனாலும் இதே கதைதான். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே மூச்சில் அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள்.

ஸ்டியரிங் கனக்கும் அதே நேரத்தில் பேட்டரி விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். சில வண்டிகளில் அதே பெல்ட்தான் இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அப்படியே ஓட்டினால் இன்ஜின் கொதித்துப் போய்ச் செலவு பல மடங்காகும். ஆகவே ஓரங்கட்டியதும் இன்ஜினை அணைத்து விடுங்கள். திண்டிவனம், விக்கிரவாண்டி பக்கம் நெடுஞ்சாலையில் மாட்டிக் கொண்டால் 1033 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய நெடுஞ்சாலை உதவி எண். வண்டிக்குள் உட்கார்ந்திராமல், எல்லோரும் இறங்கி ரோட்டை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

கரண்ட் வகையில் ஸ்டியரிங் படம் போட்ட விளக்கோ, இ.பி.எஸ். என்ற எழுத்தோ எரியும். பேட்டரி பலமிழந்தாலும், டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தாலும், பியூஸ் போனாலும் இப்படி ஆகும். ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சில சமயம் சரியாகிவிடும். சரியாகி விட்டதே என்று இருந்து விடாமல் மெக்கானிக்கிடம் காட்டி விடுங்கள்.

அடுத்தது பணம் விஷயம். எங்கள் வண்டியைப் பார்த்த முதல் மெக்கானிக், "ரேக்கே போயிடுச்சுக்கா. மொத்தமா மாத்தணும், இருபதாயிரம் ஆகும்" என்றார். எங்கள் வீட்டில் இருபதாயிரம் என்பது லேசான காசில்லை. என் கொழுந்தன்கூட, "விடுங்க அண்ணி, வண்டியை வித்துடலாம். இனிமே நீங்க ஓட்டவும் வேணாம்" என்று சொல்லிவிட்டார். வண்டி போனால் அத்தையின் வைத்தியம் என்னாவது? இன்னொருவரிடம் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஆயில் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, எங்கே கசிகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தார். பம்பிலிருந்து போகும் ஹோஸின் முனையில்தான் ஓட்டை. ஹோஸை மாற்றி, ஆயில் நிரப்பி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் மெல்லச் சுற்றிக் காற்றை வெளியேற்றினார். மூவாயிரத்துக்குள் முடிந்தது. ஆகவே சகோதரிகளே, பெரிய செலவு சொன்னால், "எங்க கசியுது, காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

பவர் ஸ்டியரிங் சொல்லாமல் கொள்ளாமல் போவது குறைவு. முன்கூட்டியே ஜாடை காட்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் 'கீச்' என்று கத்துவது, திருப்பும்போது முனகுவது, நிறுத்திய இடத்தில் முன்பக்கம் எண்ணெய்ச் சொட்டு தெரிவது எல்லாம் அறிகுறிகள். மாதம் ஒரு முறை ஆயில் டப்பாவில் அளவுக் கோட்டைப் பாருங்கள். மூடியிலோ வண்டிப் புத்தகத்திலோ என்ன ஆயில் என்று போட்டிருக்கும். அதைத்தான் ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். வண்டியைத் திருப்பும்போது ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்து, அப்படியே அழுத்திப் பிடித்துக் கொண்டிருக்காதீர்கள். முன் டயரில் காற்று குறைந்தாலும் ஸ்டியரிங் கனக்கும். முதலில் அதைப் பார்த்தால் ஒரு பைசா செலவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஸ்டியரிங் கனப்பது வேறு, ஆடுவது வேறு. ஸ்டியரிங் லொடலொடவென்று ஆடினாலோ, பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் 'கடக் கடக்' என்றாலோ, வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ அது பவர் ஸ்டியரிங் குறை இல்லாமல் இருக்கலாம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகங்களே தேய்ந்திருக்கலாம். அந்த வண்டியைக் காட்டிச் சரி செய்யும் வரை ஓட்டவே கூடாது. புது வண்டிக்கும் இது வரும். 2024 ஆகஸ்டில் மாருதி நிறுவனமே ஆல்ட்டோ கே10 கார்களில் 2,555 வண்டிகளை, ஸ்டியரிங் கியர் பாக்ஸில் குறை இருக்கலாம் என்று திரும்ப அழைத்து, பாகத்தை மாற்றும் வரை ஓட்ட வேண்டாம் என்று சொன்னது. இப்படி அழைத்தால் செலவை நிறுவனமே ஏற்கும். பழைய வண்டி வாங்கியவர்களுக்கு அந்தத் தகவல் வந்து சேராமல் போகலாம். சேசிஸ் நம்பரைச் சொல்லி கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பாருங்கள்.

வண்டியில் ஒரு கோளாறு வந்ததும், "பொம்பளைக்கு எதுக்குக் காரு?" என்று கேட்க நாலு பேர் வருவார்கள். ஆண் ஓட்டும்போதும் ஹோஸ் வெடிக்கும், பெல்ட் அறும். சாவியை யார் வைத்திருக்கிறார்கள் என்பது வண்டிக்குத் தெரியாது. மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் ஆனால் என்ன ஏது என்று பார்க்கிற நமக்கு, இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்ததும் பத்து நிமிஷம் ஒதுக்கி, உங்கள் வீட்டுக் காரின் பானெட்டைத் திறந்து, ஆயில் டப்பா எது, பெல்ட் எது, பேட்டரி எது என்று பார்த்து வைத்துக் கொள்ளுங்கள். மகளையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டுங்கள்.

- ஒரு வாசகி, திருவாமாத்தூர்.