வேற்றுமொழி தந்த துணை

இலண்டனில் 1979-ஆம் ஆண்டு பிறந்த டேனியல் டாமெட் என்பவர், ஆட்டிசம் என்னும் பிறவி இயல்புடையவர். பிறர் முகக்குறிப்பையும் சொல்லின் உட்கருத்தையும் உணர்தல் இளமையில் அவருக்கு அரிதாயிருந்தது. ஆதலின் பள்ளியில் தனித்தே நின்றார்.

1998-இல் லித்துவேனியா நாட்டுக் கௌனாஸ் நகருக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்றவர், அந்நாட்டு மொழியையும் கற்றுக்கொண்டார். தாய்நாட்டில் விந்தையாகத் தோன்றிய அவருடைய பேச்சும் நடையும் அங்கே அயல்நாட்டார் இயல்பு என்றே கருதப்பட்டன. வேற்றுமொழியாளனிடம் மக்கள் மெல்லப் பேசுவர். மறைபொருளையும் விளக்கிக் கூறுவர். அவன் தடுமாறினால் காத்திருப்பர். டாமெட்டுக்கு வேண்டியிருந்ததும் அதுவே அன்றோ?

2004-இல் ஐஸ்லாந்திய மொழியை ஒரே வாரத்தில் பயின்று, அந்நாட்டுத் தொலைக்காட்சியில் அம்மொழியிலேயே உரையாடினார். பின்னர்ப் பிரான்சில் குடியேறி, 2016-இல் பிரெஞ்சு மொழியில் ஒரு புதினமும் வெளியிட்டார்.