புறாச் சளிக்குள் ஒரு விதைநெல்

2025 ஆகஸ்ட்டில் மும்பை தாதரில் புறாக்களுக்குத் தீனி போடும் இடமான கபூதர்கானாவை மாநகராட்சி தார்ப்பாய் கட்டி மூடியதும், திரண்டு வந்த கூட்டம் அதைப் பிரித்தெறிந்ததும் நாடு முழுக்கச் செய்தியாயின. தெருப்புறாவுக்குத் தானியம் போடலாமா கூடாதா என்பதுதான் அங்கே சண்டை. ஆனால் மொட்டைமாடியில் கூண்டு கட்டி ஹோமரும் கர்ணப் புறாவும் வளர்க்கும் வீடுகளில் அதைவிட நெருக்கமான கேள்வி ஒன்று உண்டு: கண்ணில் நீர் வழிய, மூச்சில் கரகரப்போடு ஒரு புறா மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறதே, அந்தச் சளி என்ன சளி? வளர்ப்பவருக்கும் வருமா?

புறா என்றாலே ‘60 நோய்கள்’ என்று சொல்லிப் பயமுறுத்துவது வழக்கமாகிவிட்டது. அந்த எண்ணைத் தாங்கிய ஆய்வு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர் டேனியல் ஹாக்-வாக்கர்நாகல் தம் சக ஆய்வாளருடன் 2004-இல் வெளியிட்ட தொகுப்பு அது. தெருப்புறாக்களிடம் இதுவரை காணப்பட்ட, மனிதருக்கு நோய்தரக்கூடிய உயிரிகள் 60 என்கிறது அது. ஆனால் அவற்றில் மனிதருக்குத் தொற்றியதாகப் பதிவானவை வெறும் 7 என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. முதல் எண் ஊரெல்லாம் சுற்றுகிறது, இரண்டாவதைப் பகிர்வார் இல்லை. இருந்தாலும், அந்த ஏழில் முதலிடத்தில் நிற்பதை அலட்சியம் செய்ய முடியாது. 101 பேருக்குத் தொற்றியதாகப் பதிவான அந்தப் பாக்டீரியாவின் பெயர் கிளமிடியா சிட்டாசி.

இன்னொரு குழப்பத்தையும் விலக்கிவிட வேண்டும். மும்பை விவாதத்தில் அதிகம் அடிபட்ட நுரையீரல் நோய் தொற்றே அல்ல. இறகுத் தூசியிலும் எச்சத்திலும் உள்ள புரதங்களை நெடுநாள் சுவாசித்தவர்களில் சிலருக்கு உடலின் எதிர்ப்பு அமைப்பே நுரையீரலைப் புண்ணாக்கிவிடும் ஒவ்வாமை அது. புறாவுக்கு ஒரு குறையும் இல்லாதபோதும் அது வரும். எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தீர்க்காது. பாக்டீரியாவின் கதை வேறு.

புறாக் கூண்டில் சளி தனியாக வருவது அபூர்வம். மைக்கோபிளாஸ்மா, ஈ.கோலை, ஹெர்பிஸ் வைரஸ், தொண்டையில் குடியிருக்கும் ட்ரைக்கோமோனாஸ் என்று பல கைகள் சேர்ந்து ஒரு பறவையை வீழ்த்துகின்றன. கிளமிடியா அந்தக் கூட்டத்துக்குள் ஓசையில்லாமல் இருக்கும். பெரும்பாலும் ஒரு கண் மட்டும் வீங்கிச் சிவக்கும். அலகுக்கு மேலே சுண்ணாம்பாய் வெளுத்திருக்கும் தடிப்பு மங்கிப் பழுப்பேறும். எச்சம் பச்சையாக இளகும். நேற்றுவரை முதலில் வந்து இறங்கிய பந்தயப் புறா கடைசியில் வந்து சேரும். பல புறாக்களிடம் இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. கிருமி உள்ளேயே இருக்கும். பறவை பறந்துகொண்டே இருக்கும்.

இப்படி ஒளிந்திருக்க அதனால் எப்படி முடிகிறது என்பதில்தான் இந்தக் கிருமியின் அழகு இருக்கிறது. கிளமிடியாவுக்கு இரண்டு உடல்கள். அவற்றை விதைநெல், பயிர் என்று வைத்துக்கொண்டால் சங்கதி முழுக்கப் புரியும்.

வெளியுலகில் திரிவது விதைநெல். ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும் உருண்டை. அதன் உமி, கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று கோத்துக் கட்டிய புரத வலை. உள்ளே மரபணு இழை இறுகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இந்த நிலையில் அது பெருகாது. காய்ந்த எச்சத்துக்குள், கூண்டின் அடித்தட்டில், மாதக்கணக்கில் முளைப்புத்திறன் கெடாமல் கிடக்கும். கூட்டும்போது எழும் தூசியோடு இன்னொரு புறாவின் மூச்சில் ஏறினால்தான் அதற்கு வயல் கிடைக்கும். அந்த வயல், சுவாசப்பாதையின் ஒரு செல்.

செல் சும்மா விடாது. உள்ளே வரும் கிருமியை ஒரு பைக்குள் அடைத்து, செரிமான நொதிகள் நிறைந்த இன்னொரு பையோடு சேர்த்துக் கரைத்துவிடுவது அதன் வழக்கம். விதை அதற்குள் ஒரு காரியம் செய்துவிடுகிறது. தன்னைச் சுற்றியுள்ள பையின் சவ்வில் தன்னுடைய புரதங்களை நட்டு, வரப்புக் கல்லையே மாற்றிவிடுகிறது. ‘இது அழிக்க வேண்டிய பை அல்ல’ என்று செல் ஏமாந்து விலகிப்போக, உமியின் கந்தகக் கட்டுகள் அவிழ்கின்றன. மரபணு விரிகிறது. விதை மூன்று நான்கு மடங்கு பருத்துப் பயிராகிறது. மெல்லிய தோல் கொண்ட இந்தப் பயிரை வெளியே எடுத்துப் போட்டால் செத்துவிடும். உள்ளே இருக்கும்வரை அதற்கு ராஜபோகம். செல் தனக்கென்று ஆக்கி வைத்த ஆற்றல் மூலக்கூறான ஏடிபியையும் கொழுப்பையும் அயல் வாய்க்காலிலிருந்து மடை திருப்பி எடுத்துக்கொள்கிறது. இரண்டாக, நாலாக, நூறாகப் பெருகி, பிறகு ஒவ்வொன்றாக மறுபடி சுருங்கி உமி கட்டுகிறது. இரண்டு மூன்று நாளில் அறுவடை: செல் வெடித்து நூற்றுக்கணக்கான விதைகள் சிதறும்.

மழை பொய்த்தால்? இங்கேதான் உவமை இன்னும் ஒரு படி தாங்குகிறது. ஊட்டம் குறைந்தாலோ, பறவையின் எதிர்ப்பு சக்தி நெருக்கினாலோ பயிர் சாவதில்லை. பிரியாமல், கதிர் விடாமல், கோணல்மாணலாக ஊதிப்போய் அப்படியே நிற்கிறது. நல்ல காலம் திரும்பியதும் மறுபடி பிரியத் தொடங்கி விதை கட்டுகிறது. பென்சிலின் வகை மருந்து கொடுத்தாலும் ஆய்வகச் செல்களில் இதுவே நடக்கிறது. மருந்தை எடுத்தவுடன் பயிர் எழுந்துகொள்கிறது. ‘சளிக்கு’ என்று அதே வகையைச் சேர்ந்த அமாக்ஸிசிலின் கலக்கிக் கொடுப்பது இந்தக் கிருமியிடம் செல்லாததற்குக் காரணம் இதுதான்.

முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பருவம், கூண்டு நெரிசல், நெடும்பயணம், பந்தயக் களைப்பு எல்லாம் புறாவின் எதிர்ப்பைத் தளர்த்துகின்றன. பல மாதம் நலமாக இருந்த பறவை அப்போது கிருமியைக் கொட்டத் தொடங்கும். தாயும் தகப்பனும் குஞ்சின் வாய்க்குள் ஊட்டும் இரையோடும் அது அடுத்த தலைமுறைக்குப் போகும்.

வரலாறு சுருக்கமானது. 1879-இல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் ஊரில் ஒரே வீட்டோடு தொடர்புடைய சிலருக்கு வந்த விசித்திர நிமோனியாவை யாகோப் ரிட்டர் கூண்டுப் பறவைகளோடு இணைத்தார். 1929–30-இல் தென்னமெரிக்கக் கிளிகளோடு நோய் பல நாடுகளுக்குப் பரவி, ‘கிளிக் காய்ச்சல்’ என்ற பீதி எழுந்தது. 1940களில் புறாக்களிடமும் இருப்பது தெரிந்தது. செல்லுக்குள்ளேயே வாழ்வதால் 1960கள்வரை இதை வைரஸ் என்றே பலரும் எண்ணினார்கள்.

பீதி அன்றோடு ஓயவில்லை. 2024 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் ஆஸ்திரியா, டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் ஆகிய நாடுகளில் இந்நோய் கூடியிருப்பதாகவும் ஐவர் இறந்ததாகவும் அறிவித்தபோது ‘மர்மக் கிளிக் காய்ச்சல்’ என்ற தொனி மீண்டும் ஒலித்தது. மர்மம் ஏதுமில்லை. மனிதருக்குத் தொற்றினால் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி, வறட்டு இருமல் தொடங்கும். ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் நோயாளிகளில் 15 முதல் 20 சதவீதம் பேர்வரை இறந்தார்கள். டாக்ஸிசைக்ளின் உரிய நேரத்தில் கிடைத்தால் இன்று மரணம் அரிது. புறாக்களில் வழக்கமாகக் காணப்படும் வகை, கிளி வகையைவிடப் பொதுவாகச் சாதுவானது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: ‘புறா வளர்க்கிறேன்’ என்று நோயாளி சொல்லாவிட்டால் மருத்துவருக்கு இந்தக் கிருமி நினைவுக்கே வராது. காய்ச்சலோடு போகும் புறாக்காரர் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

புறாவுக்கும் மருந்து டாக்ஸிசைக்ளின்தான். அளவையும் நாளையும் கால்நடை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். சிகிச்சை வாரக்கணக்கில் நீளும், ஏனெனில் மருந்து பயிரைத்தான் தாக்கும், விதையை அல்ல. இரண்டு நாளில் கண் தெளிந்துவிட்டது என்று நிறுத்தினால் பாதியில் விட்டதாகும். கிளிஞ்சல் தூள் போன்ற சுண்ணாம்புச் சத்து அந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு குடலிலேயே நிறுத்திவிடும் என்பதால் சிகிச்சை நாட்களில் அது கூண்டில் இருக்கக் கூடாது. ‘ஒரே சொட்டில் சளி போகும்’ என்று விற்கப்படும் பாட்டில்களை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும்.

எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்கக் கூடாது. நீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும். நீர்த்த ப்ளீச்சிங் கரைசல் விதையைக் கொல்லும், ஆனால் அழுக்கு மூடியிருந்தால் எட்டாது. புதிதாக வாங்கிய புறாவைச் சில வாரம் தனிக் கூண்டில் வைப்பது அவசியம். பறவைகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி சந்தையில் இல்லை. பிசிஆர் பரிசோதனை உண்டு. ஆனால் புறா கிருமியை விட்டு விட்டுத்தான் வெளியேற்றுகிறது. ஆகவே அடுத்தடுத்த சில நாட்களின் எச்சத்தைச் சேர்த்து அனுப்பினால்தான் அந்தச் சோதனைக்கு மதிப்பு. ஒரே ஒரு நாளின் மாதிரியில் ‘இல்லை’ என்று வந்தால், அந்த ஒரு நாளில் இல்லை என்பது மட்டுமே அதற்குப் பொருள்.