ஒயிட்னர் தேர்தல்!

பி.காம். முடித்த கையோடு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தேன். முதல் வாரமே கேஷ் புக்கில் ஒரு 6-ஐ 9 ஆக்க வேண்டியிருந்தது. ஒயிட்னர் தடவி, 'உஃப்' என்று ஊதிக் காயவைத்து, மேலே அழகாக எழுதிவிட்டேன். பெரியவர் கண்ணில் பட்டது.

"தப்புன்னா ஒரு கோடு போட்டு அடி. பக்கத்துல சரியானதை எழுதி இனிஷியல் போடு. இப்படி வெள்ளை பூசினா, அடியில என்ன இருந்துச்சுன்னு நான் யார்கிட்டய்யா போய்க் கேக்கறது?"

இதே கேள்வியை ஒரு நாடே கேட்டது சார்! மலாவி. தென்கிழக்கு ஆப்பிரிக்காவில், சுமார் 2 கோடி ஜனங்கள் உள்ள ஏழை தேசம்.

2019 மே மாதம் ஜனாதிபதி தேர்தல். பதவியில் இருந்த பீட்டர் முத்தாரிகா 38.57 சதவிகிதம் வாங்கி ஜெயித்ததாக அறிவித்தார்கள். எதிர்த்து நின்ற லாசரஸ் சக்வேராவுக்கு 35.41. முடிவுத் தாள்களைப் புரட்டினால்... அங்கங்கே வெள்ளை! 'டிப்பெக்ஸ்' பூசி, மேலே வேறு எண். 'டிப்பெக்ஸ் தேர்தல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. மாதக்கணக்கில் ஊர்வலம். சக்வேராவும், மூன்றாவதாக வந்த சாலோஸ் சிலிமாவும் கோர்ட்டுக்குப் போனார்கள். ஐந்து நீதிபதிகள். தீர்ப்பு நாளன்று ராணுவ வண்டியில், அங்கிக்குள் குண்டு துளைக்காத கவசத்தோடு வந்தார்கள். ஊரே ரேடியோ முன்னால்! 2020 பிப்ரவரி 3-ம் தேதி, 'தேர்தல் செல்லாது. பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால்தான் ஜனாதிபதி' என்று சொன்னார்கள்.

2017-ல் கென்யாவிலும் இப்படி ரத்து செய்தார்கள். எதிர்க்கட்சி புறக்கணித்த மறுதேர்தலில் பழைய ஜனாதிபதியே மறுபடி உட்கார்ந்தார். மலாவியில் 2020 ஜூன் மறுதேர்தலில் சக்வேராவுக்கு 58 சதவிகிதத்துக்கு மேல்!

சினிமாவாக இருந்தால் இங்கே 'சுபம்' போடலாம். ஆனால், விலைவாசி ஏறியது. 2023 நவம்பரில் அந்த நாட்டுக் காசின் மதிப்பை 44 சதவிகிதம் இறக்கினார்கள். பெட்ரோலுக்கு கியூ. 2025 செப்டம்பரில் தேர்தல் வந்தது. ஜெயித்தவர்..? 85 வயது முத்தாரிகா! 56 சதவிகிதத்துக்கு மேல்.

என் ஆபீஸ் நண்பனிடம் சொன்னபோது டீ கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தான். "இதுக்கா அவ்வளவு ஊர்வலம்? அதே ஆளுதானே வந்தாரு!"

ஆள் அதேதான். கணக்கு வேறு. முதல் தடவை அவரை உட்கார வைத்தது ஒயிட்னர். இரண்டாம் தடவை ஜனங்கள். தோற்ற சக்வேரா, அதிகாரபூர்வ முடிவு வருவதற்கு முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டு வழிவிட்டார்.

'நல்ல தலைவன் வேணும்' என்று ஆப்பிரிக்காவில் எத்தனையோ தேசங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நியாயமான ஆசை. ஆனால், வருகிறவர் நல்லவரா என்பது வந்து உட்கார்ந்த பிறகுதானே தெரிகிறது? சரியில்லை என்றால் எழுப்பிவிட வழி இருக்கணும். அந்த வழியைத்தான் மலாவிக்காரர்கள் ரோட்டில் நின்று வாங்கினார்கள்.

அவர்கள் லெட்ஜரைப் பாருங்கள். முத்தாரிகா... அடித்து சக்வேரா... அதையும் அடித்து மறுபடி முத்தாரிகா. பக்கம் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒவ்வொரு அடித்தலுக்கும் பக்கத்தில் ஜனங்களின் இனிஷியல் இருக்கிறதே!

எங்கள் ஆடிட்டர் பார்த்திருந்தால், ஒரு டிக் போட்டிருப்பார்.