திரைக்குள் ஒரு நாகர்கோவில் – 6: ஒழுகினசேரிக்குக் கீழே

“மாமா, எல்லாருக்கும் சீக்கு வந்துட்டு!”

அக்காள் மகன் சத்தம் போட்டபோது ராத்திரி ஒன்பது மணி. நாங்கள் இருவரும் ஒன்றரை மாதமாகக் கணினியில் கட்டிவரும் நாகர்கோவிலில் வீட்டுக்கு வீடு நோய்க்குறி மின்னிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ்கள் நாற்சந்தியில் முட்டி நின்றன. ஜனம் ஊரைக் காலி செய்யத் தொடங்கியிருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பழையாற்றில் சாக்கடைக் குழாயை மேலேயும் குடிநீர் பம்பைக் கீழேயும் வைத்துவிட்டிருக்கிறான். ஆற்றின் பழுப்பு நிறம் இழுபட்டு வந்து பம்பின் வாயில் நின்றது. “தலைகீழா வச்சிட்டேன் மாமா” என்றவன், இரண்டையும் இடித்துவிட்டுப் பம்பை மேலே, குழாயைக் கீழே என்று மாற்றினான். கொஞ்ச நேரத்தில் ஊர் தேறியது. போனவர்கள் போக, புதுக் குடும்பங்கள் வந்து இறங்கின.

‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ ஆடிய எல்லோரும் இந்தப் பாடத்தை ஒரு தடவையாவது படித்திருப்பார்கள். பின்லாந்தின் தாம்பெரே நகரத்தில் சுமார் ஒரு டஜன் பேர் இருந்த சிறு நிறுவனம் உருவாக்கி, 2015 மார்ச்சில் வெளிவந்த விளையாட்டு இது. இதில் ஆற்றுத் தண்ணீர் நிஜமாகவே ஓடும். அழுக்கைச் சுமந்துகொண்டு ஓடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ‘நீரோட்டம்’ என்றால் என்ன என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்லிக்கொடுத்த பாடப்புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் அன்று படுக்கப் போகும்போது அவன் கேட்டான்: “கீழ போற அழுக்குத் தண்ணி அப்புறம் எங்க மாமா போகும்?”

திரையில் தேடிப் பார்த்தோம். இந்த விளையாட்டில் நிலப்படத்தின் ஒரு பக்கம் 17.28 கிலோமீட்டர். அது 81 சதுரங்களாக இருக்கிறது. ஒரு சதுரத்தின் பக்கம் 1.92 கிலோமீட்டர். நடுவில் உள்ள 25 சதுரங்களிலிருந்து ஒன்பதை மட்டுமே விலைகொடுத்து வாங்கி ஊர் கட்டலாம். நாங்கள் நாகர்கோவிலை நடுவில் வைத்திருந்ததால் வடசேரி, கோட்டாறு, மீனாட்சிபுரம் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. சுசீந்திரம் விளிம்பில் நின்றது. பழையாறு கடலைச் சேரும் மணக்குடியோ எங்களால் வாங்கவே முடியாத நிலத்தில் கிடந்தது. அங்கே வீடு கிடையாது, ஆள் கிடையாது. ஆறு எங்கள் அழுக்கை அந்த வெற்று நிலத்தில் கொண்டுபோய்த் தள்ளியது. யாருக்கும் சீக்கு வரவில்லை.

இந்த விளிம்புக்கு ஒரு பரம்பரை உண்டு. நகரம் கட்டும் விளையாட்டுகளின் தலைமகன் 1989-இல் வந்த ‘சிம்சிட்டி’. அதைச் செய்த வில் ரைட், அதற்கு முன்பு குண்டு போடும் விளையாட்டு ஒன்றை உருவாக்கியவர். அதில் வரும் தீவுகளை அழிப்பதைவிட அவற்றில் ரோடும் கட்டடமும் வைப்பதில்தான் அவர் மனம் லயித்தது. நகரம் வளர்வதற்கான கணக்கைத் தேடியபோது ஜே ஃபாரஸ்டர் 1969-இல் எழுதிய ‘அர்பன் டைனமிக்ஸ்’ அவர் கைக்குக் கிடைத்தது. மக்கள் ஏன் வருகிறார்கள், ஏன் போகிறார்கள், வீடுகள் எப்படிப் பழசாகின்றன என்பதையெல்லாம் சமன்பாடுகளாக்கிய நூல் அது. அந்தக் கணக்கில் நகரத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் ‘எல்லையற்ற சுற்றுப்புறம்’. ஆள் வேண்டுமென்றால் அங்கிருந்து வருவார்கள், வேண்டாமென்றால் அங்கே போய்விடுவார்கள். புறநகர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்று அன்றைக்கே பலர் குறை சொன்னார்கள். குறை சரியானது என்றே நினைக்கிறேன். ஐம்பது வருடம் கழித்து எங்கள் மணக்குடி ஆளில்லாமல் கிடந்ததற்கும் அதே பார்வைதான் காரணம்.

ஆனால் நிஜத்தில், நாகர்கோவிலைச் சுற்றியுள்ள நாஞ்சில் நாட்டில் ஆறு இப்படி வெற்று நிலத்தைத் தேடி ஓடியதே இல்லை. சுருளோடு பக்கம் மலையில் பிறக்கும் பழையாற்றில் பள்ளிகொண்டான், சோழன்திட்டை, மிஷன் என்று வரிசையாகச் சிறிய அணைகள். ஒவ்வொரு அணையும் ஒரு காலில் (வாய்க்காலில்) தண்ணீரைத் திருப்பும்; கால் குளத்தை நிரப்பும்; குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். வயலில் பாய்ந்து வடிந்த தண்ணீர் திரும்ப ஆற்றில் விழ, அதைக் கீழே உள்ள அணை பிடித்துக்கொள்ளும். மேலே இருக்கிற பத்துக்கு (வயல்வெளிக்கு) வடிகால், கீழே இருக்கிற பத்துக்குப் பாசனம். தண்ணீரைக் கழித்துக் கட்ட இங்கே இடமே கிடையாது. எங்கள் நிலப்படத்தில் இந்தக் கால்களில் ஒன்றுகூட இல்லை. விளையாட்டு நிலத்தை 16 மீட்டருக்கு ஒரு புள்ளியாக அளக்கிறது. மூன்று மீட்டர் அகலமுள்ள காலும் அரை ஆள் உயர மடையும் அந்த அளவையில் விழுந்து மறைந்துவிடுகின்றன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஒழுகினசேரிப் பாலத்துக்குப் போனேன். நகரத்தின் ஓடைகள் ஆற்றில் விழும் இடங்களைப் பார்த்தோம். நாற்றத்துக்கு அவன் சட்டையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டான். நாகர்கோவில் தலைமுறைகளாகக் குடிப்பது மேலே மலையடிவாரத்து முக்கடல் அணைத் தண்ணீர். கழிவு விழுவது கீழே பழையாற்றில். “நாம வச்ச மாதிரியேதான் இருக்கு மாமா” என்றான். ஆமாம், பம்பு மேலே, குழாய் கீழே. விளையாட்டின் கணக்குப்படி ஒரு பிழையும் இல்லை.

அங்கிருந்து சுசீந்திரம். குளத்தில் கூழைக்கடாக்கள் நின்றன. சுசீந்திரம் – தேரூர் ஈரநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பிறகு மணக்குடி. காயலின் இரண்டு கரையிலும் மீனவர் வீடுகள், அலையாத்திச் செடிகள், வலை உலர்த்துகிறவர்கள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி இந்த இடத்தில் இருந்த பாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது. விளையாட்டில் சுனாமிக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. எங்கள் கணினியில் அதை முதல் நாளே அணைத்துவிட்டேன். அந்தப் பெயரை விளையாட்டாகச் சொல்ல எனக்கு வராது. கரையில் நின்று அவன் வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தான். “இங்க ஆளு இருக்காவளே மாமா.”

வீட்டுக்கு வந்ததும் ஊரைத் திறந்தான். எங்கள் ஊரில் வண்டி நெரிசல் மிகுந்த பார்வதிபுரத்தில் மேம்பாலத்துக்கு என்று சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதையும் போட்டுச் சாக்கடைக் குழாயை எடுத்துவிட்டுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்தான். பார்வதிபுரத்தில் நெரிசல் அப்படியே இருக்கிறது. ஜனத்தொகை ஒரு ஆள்கூடக் கூடவில்லை. விளையாட்டு இதற்குப் பரிசு எதுவும் தரவில்லை.

நிஜ நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது. பாதாளச் சாக்கடை வேலை பல வருடங்களாக நடக்கிறது. வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு அடுக்களைத் தண்ணீர் எந்த ஓடையில் சேர்கிறது, அந்த ஓடை எந்தக் குளத்தில் அல்லது ஆற்றில் விழுகிறது என்று இந்த வாரம் பிள்ளைகளோடு நடந்துபோய்ப் பாருங்கள். அதன் கரையில் குடியிருப்பவர்களிடம் நாலு வார்த்தை பேசுங்கள். பிறகு உங்கள் வார்டு உறுப்பினரைப் பாருங்கள்.

(தொடரும்)