சிறு நகரம் உலகுக்கு வைத்த மொய்

நூல் நிலையம் புத்தகத்தை இரவல் கொடுக்கும். ஆனால் ஒரு நூல் நிலையம், தன் கணக்கைப் பார்க்கும் கம்ப்யூட்டர் முறையையே உலகுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டது. அது நியூசிலாந்து நாட்டில், லெவின் என்ற சிறு நகரத்தில் இருக்கிறது.

அந்த வட்டாரத்து நூல் நிலையங்களை ஹோரோபெனுவா அறக்கட்டளை நடத்தி வந்தது. எந்தப் புத்தகம் யார் கையில் இருக்கிறது, எந்தத் தேதியில் திரும்பி வர வேண்டும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் கவனித்துக்கொண்டது.

வந்தது ஆபத்து

1999-ம் ஆண்டு பிறந்தது. கவலையும் பிறந்தது. அந்நாளில் பல கம்ப்யூட்டர்கள் ஆண்டின் கடைசி இரண்டு எண்களை மட்டுமே குறித்து வைத்தன. "99" என்றால் 1999. அடுத்து "00" வந்தால்? அது 2000-மா, 1900-மா? கம்ப்யூட்டர் குழம்பிவிடும். டிசம்பரில் எடுத்த புத்தகத்தை ஜனவரியில் திருப்பினால், கணக்கு 100 ஆண்டு தவறிவிடும்!

லெவினில் இருந்த பழைய முறை 2000-ம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்தது. கடையில் விற்ற புதிய முறைகளோ அந்தச் சிறிய நூல் நிலையத்துக்கு ஒத்துவரவில்லை.

அப்போது நூல் நிலையத் தலைவியாக இருந்தவர் ரோசலி பிளேக். வெலிங்டனில் இருந்த கட்டிப்போ என்ற சிறு கம்பெனியுடன் கலந்து பேசினார். "புதிதாகவே எழுதிவிடலாம்" என்று முடிவாயிற்று. சில மாதங்களில் வேலை முடிந்தது. 2000 ஜனவரி 3-ந் தேதி புதிய முறை ஓடத் தொடங்கியது.

பெயர் என்ன?

அதற்கு "கோஹா" என்று பெயர் வைத்தார்கள். இது அந்நாட்டின் பூர்வ குடிகளான மவோரி மக்களின் சொல். விருந்தினர் கொண்டு போகும் அன்பளிப்பு என்று பொருள். நம் ஊர் மொய் போல, கொடுத்தவருக்கும் ஒரு நாள் திரும்பி வரும்.

சாவி யாரிடம்?

கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் கட்டளைகளை மென்பொருள் என்கிறோம். பல கம்பெனிகள் அதைப் பூட்டி விற்கின்றன. சாவி கம்பெனியிடமே இருக்கும். கம்பெனி கைவிட்டால் நூல் நிலையம் திண்டாட வேண்டியதுதான்.

கோஹாவுக்குப் பூட்டு இல்லை. யாரும் பயன்படுத்தலாம். உள்ளே பார்க்கலாம். திருத்தலாம். பிறருக்கும் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை: கொடுக்கும்போது அதே உரிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

மொய் திரும்பியது

அமெரிக்காவில் ஒகாயோ மாநிலத்து நெல்சன்வில் பொது நூல் நிலையம் கோஹாவை ஏற்க விரும்பியது. ஆனால், உலக நூல் நிலையங்கள் கையாளும் முறைப்படி புத்தக விவரம் பதியும் வசதி அதில் இல்லை. நெல்சன்வில் பணம் கொடுத்து அதைச் சேர்க்கச் சொன்னது. செலவு செய்தது ஒரு நூல் நிலையம், பலன் எல்லாருக்கும்!

இன்று இந்தியாவில் பல கல்லூரி நூல் நிலையங்களில் கோஹா ஓடுகிறது. தமிழ்ப் புத்தகத்தின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே பதியலாம், தேடலாம்.

இலவசம் என்பதால் செலவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கம்ப்யூட்டர் வேண்டும். பழகிய ஆள் வேண்டும். கணக்குக்குத் தினமும் நகல் எடுத்து வைக்க வேண்டும். ஆனால் மென்பொருளுக்கு விலையும் இல்லை, வாடகையும் இல்லை. அந்தப் பணத்தில் குழந்தைகளுக்கு நாலு புத்தகம் கூடுதலாக வாங்கலாம்.

ஊர் நூல் நிலையம் ஊரார் சொத்து. அதன் கணக்கின் சாவியும் ஊரார் கையிலேயே இருக்கட்டும்!